உருவமைவு மேலாண்மை

உருவமைவு மேலாண்மை என்பது ஒரு பொருளைப் பற்றிய வடிவமைப்பு ஆவணங்களும் அப்பொருளின் உண்மையான நிலையும் அதன் வாழ்நாள் முழுவதும் ஒன்றோடொன்று ஒத்திருக்குமாறு பேணும் பொறியியல் நடைமுறை ஆகும். பொருள் என்பது இங்கே ஏவூர்தியாகவோ, அணுமின் நிலையமாகவோ, கைப்பேசிச் செயலியாகவோ இருக்கலாம். ஆவணம் என்பது காகித வரைபடம், கணினி வரைபடக் கோப்பு, உதிரிப் பட்டியல், சோதனை நெறிமுறை, மூலநிரல் ஆகிய அனைத்தையும் உள்ளடக்கும்.

ஒருவரே வரைந்து ஒருவரே செய்யும் பொருளுக்கு இந்நடைமுறை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. ஓர் ஊரில் வரைந்து, இன்னோர் ஊரில் செய்து, மூன்றாவது ஊரில் சோதித்து, நான்காவது ஊரில் பயன்படுத்தும்போதுதான் இதன் இன்றியமையாமை புலப்படுகிறது. திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள மகேந்திரகிரி உந்துவிசை வளாகமும் கூடங்குளம் அணுமின் நிலையமும் இத்தகைய பொருட்களைக் கையாளும் இடங்களாகும்.

ஒத்திசைவு குலைவது எப்படி

வரைபடமும் பொருளும் விலகிச் செல்வதற்குக் கவனக்குறைவு மட்டுமே காரணம் அன்று. பல நேரங்களில் நல்ல நோக்கத்துடன் செய்யப்படும் சிறு திருத்தமே விலகலின் தொடக்கமாக அமைகிறது. பட்டறையில் ஒரு துளை சரியாகப் பொருந்தவில்லை எனில், அனுபவமுள்ள கடைசல்காரர் அதைச் சிறிது அகலப்படுத்திப் பொருத்திவிடுவார். வேலை முடிந்துவிடும். ஆனால் வரைபடத்தில் பழைய அளவே நிற்கும். அடுத்த முறை அதே உதிரியை வேறொரு பட்டறை செய்யும்போது, வரைபடத்தை அப்படியே பின்பற்றியும் அது பொருந்தாது.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. வரைவகத்தில் திருத்தம் செய்யப்பட்டு, பட்டறைச் சுவரில் பழைய படியே தொங்கிக்கொண்டிருக்கலாம். தரச் சான்று பெற்ற தொழிற்கூடங்களில் வரைபடங்களின் மேல் "கட்டுப்படுத்தப்பட்ட படி" என்னும் முத்திரை இடப்படுவது இதனாலேயே. முத்திரையுள்ள படி யாரிடம் உள்ளது என்பதற்குப் பதிவேடு இருக்கும். புதிய திருத்தம் வரும்போது பழைய படி திரும்பப் பெறப்பட்டு அழிக்கப்படும்.

மூன்றாவது வகை விலகல் இரு குழுக்களுக்கு இடையே நிகழ்வது. இரு குழுக்களின் ஆவணங்களும் தத்தம் அளவில் பிழையற்றவையாக இருக்கும், ஆனால் ஒன்றோடொன்று பொருந்தா. 1999, செப்டம்பர் 23 அன்று நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை அடைந்தபோது அழிந்தது இவ்வகையைச் சேர்ந்தது. ஒரு குழுவின் மென்பொருள் கணத்தாக்கைப் பவுண்டு விசை-விநாடியில் தந்தது, அதைப் பெற்ற குழுவோ நியூட்டன்-விநாடி என எடுத்துக்கொண்டது. இரு குழுக்கள் சந்திக்கும் எல்லையில் எது, எந்த அலகில், எந்த அளவில் கைமாறும் என்பதை எழுதிவைக்கும் ஆவணம் இடைமுகக் கட்டுப்பாட்டு ஆவணம் எனப்படும். அவ்விண்கலத்தைப் பொறுத்தவரை அத்தகைய ஆவணத்தில் சரியான அலகு குறிக்கப்பட்டிருந்தது. நிரல் அதனைப் பின்பற்றவில்லை.

வரலாறு

பொறியியல் வரைபடங்களைப் பெருமளவில் படியெடுப்பது, ஜான் ஹெர்ஷல் 1842 ஆம் ஆண்டு கண்டறிந்த நீலப்படி முறையால் எளிதாயிற்று. படிகள் பெருகியதும் "எந்தப் படி சரியானது" என்னும் கேள்வியும் உடன் பிறந்தது எனலாம். வரைபடத்தின் மூலையில் திருத்த எண், தேதி, ஒப்புதல் கையொப்பம் ஆகியவற்றுக்கான கட்டம் வரையும் வழக்கம் இக்கேள்விக்கான முதல் விடைகளுள் ஒன்று.

தனித் துறையாக உருவமைவு மேலாண்மை 1960களில் அமெரிக்க வான்படையின் ஏவுகணைத் திட்டங்களிலிருந்து தோன்றியது. பறந்து அழிந்துபோகும் ஏவுகணையில் ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. சோதனை வெற்றி பெற்றால், வெற்றி பெற்ற அந்தப் பொருள் எப்படிச் செய்யப்பட்டிருந்தது என்பதைத் திரும்பப் பார்க்கப் பொருளே எஞ்சியிருக்காது, ஆவணம் மட்டுமே இருக்கும். ஆவணம் பொருளை உண்மையாகக் காட்டவில்லை எனில் அந்த வெற்றியை மீண்டும் செய்துகாட்ட இயலாது. பின்னர் இந்நடைமுறை படைத்துறைக்கு வெளியேயும் பரவி, 1995 இல் ஐ.எஸ்.ஓ. 10007 என்னும் பன்னாட்டு வழிகாட்டியாக வெளியாயிற்று. அதன் மூன்றாம் பதிப்பு 2017 இல் வந்தது.

மென்பொருள் துறையில் இதே தேவை பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவிகளை உருவாக்கியது. 1972 இல் பெல் ஆய்வகத்தில் உருவான எஸ்.சி.சி.எஸ். இவற்றுள் முன்னோடி. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 இல் உருவாக்கிய கிட் இன்று பரவலாகப் பயன்படுவது.

நடைமுறை

முதற்படி, வடிவமைப்பை ஒரு கட்டத்தில் உறையச் செய்தல். இவ்வாறு உறைந்த நிலை அடிநிலை எனப்படும். அதன்பின் யாரும் தம் விருப்பப்படி வரைபடத்தையோ பொருளையோ மாற்ற இயலாது. மாற்றம் வேண்டுவோர் மாற்றக் கோரிக்கை எழுத வேண்டும். வடிவமைப்பு, உற்பத்தி, தரம், பயன்பாடு ஆகிய பிரிவினர் அமர்ந்த குழு அதனை ஆராய்ந்து ஏற்கும் அல்லது மறுக்கும். ஏற்கப்பட்டால் வரைபடம், உதிரிப் பட்டியல், சோதனை நெறிமுறை, கையேடு ஆகிய அனைத்தும் ஒரே திருத்தத்தின் கீழ் மாற வேண்டும். எத்தனையாவது வரிசை எண் கொண்ட பொருளிலிருந்து இம்மாற்றம் செல்லும் என்பதும் குறிக்கப்படும். புதியவர்கள் பெரிதும் கவனிக்கத் தவறும் குறிப்பு இதுவே. களத்தில் இருக்கும் பத்துப் பொருட்களில் ஆறு பழையவை, நான்கு புதியவை என்றால், ஒரே வரைபடம் பத்துக்கும் பொருந்தாது.

உதிரிகளுக்கு எண் இடுவதிலும் ஒரு மரபு உண்டு. மாற்றத்திற்குப் பின்னும் புதிய உதிரி பழையதன் இடத்தில் வடிவம், பொருத்தம், செயல் ஆகிய மூன்றிலும் வேறுபாடின்றி அமரும் எனில் திருத்த எண்ணை மட்டும் உயர்த்தினால் போதும். மூன்றில் ஒன்று மாறினாலும் உதிரிக்கே புதிய எண் இட வேண்டும். இல்லையேல் கிடங்கில் ஒரே எண்ணுடைய பெட்டியில் ஒன்றுக்கொன்று பொருந்தாத இரு உதிரிகள் கலந்துவிடும்.

செய்த பொருள் வரைபடத்திலிருந்து சிறிது விலகியிருந்தும் பயன்படத்தக்கது எனில், அவ்விலகல் எழுத்தில் பதிந்து ஒப்புதல் பெறப்படும். கட்டுமானப் பணிகளில் களப் பொறியாளர் மாற்றங்களைச் சிவப்பு மையால் வரைபடத்தின் மேல் குறிப்பார். அவற்றைச் சேர்த்து இறுதியில் "கட்டியவாறான வரைபடம்" ஆக்கப்படும். இறுதியாகத் தணிக்கை. ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொருளை அளந்தும் எண்ணியும் பார்ப்பதே இதன் சாரம்.

இம்முறை காலத்தாமதம் விளைவிப்பது, தாள்வேலையைப் பெருக்குவது என்னும் குறைகூறல் நெடுநாளாக உள்ளது. அது முற்றிலும் தவறன்று. ஒப்புதலுக்கு மூன்று வாரம் ஆகும் இடத்தில் பணியாளர்கள் ஒப்புதலின்றியே திருத்திவிட்டுப் பேசாமல் இருக்கப் பழகிவிடுவர், அதனால் எந்த விலகலைத் தடுக்க முறை வந்ததோ அதுவே பெருகும்.

மகேந்திரகிரியும் விகாஸ் பொறியும்

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்பகுதியில், பணகுடிக்கும் காவல்கிணறுக்கும் அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இஸ்ரோ உந்துவிசை வளாகம் அமைந்துள்ளது. முன்னர்த் திரவ உந்து அமைப்பு மையத்தின் ஒரு பகுதியாக இருந்த இது, 2014, பிப்ரவரி 1 முதல் தனி மையமாகச் செயல்படுகிறது. ஏவூர்திகளின் திரவ எரிபொருள் பொறிகளும் கடுங்குளிர் பொறிகளும் இங்கே தரையில் நிறுத்தி எரித்துச் சோதிக்கப்படுகின்றன.

பி.எஸ்.எல்.வி., ஜி.எஸ்.எல்.வி., எல்.வி.எம்.3 ஆகிய மூன்று ஏவூர்திகளிலும் பயன்படும் விகாஸ் பொறியின் வரலாறு, பிறர் வரைந்த வரைபடத்தைக் கொண்டு பொருள் செய்வதன் வரலாறும் ஆகும். 1974 இல் இஸ்ரோ, பிரான்சு நாட்டின் எஸ்.இ.பி. நிறுவனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இந்தியப் பொறியாளர்கள் பிரான்சில் பணியாற்றினர். அப்பணிக்கு ஈடாக வைக்கிங் பொறியின் தொழில்நுட்பம் இந்தியாவுக்குக் கிடைத்தது. இப்பணியில் முதன்மைப் பங்காற்றியவர் நம்பி நாராயணன். அவ்வரைபடங்களைக் கொண்டு இந்தியாவில் செய்யப்பட்ட பொறி 1985 இல் பிரான்சின் வெர்னான் நகரில் எரித்துச் சோதிக்கப்பட்டது. தொழில்நுட்பம் வந்து சேர்ந்ததா என்பதற்குப் பெட்டி பெட்டியாக வந்த வரைபடங்கள் சான்றாகவில்லை. அவற்றின்படி செய்த பொறி, மூலப் பொறியின் சோதனை மேடையிலேயே எரிந்து காட்டியதுதான் சான்று.

இன்று இப்பொறியின் வடிவமைப்புப் பொறுப்பு திருவனந்தபுரத்தை அடுத்த வலியமலையில் உள்ளது. மும்பை கோத்ரெஜ், ஐதராபாத் எம்.டி.ஏ.ஆர். முதலிய நிறுவனங்கள் பொறிகளைச் செய்கின்றன. சோதனை மகேந்திரகிரியிலும் ஏவுதல் ஸ்ரீஹரிக்கோட்டாவிலும் நிகழ்கின்றன. ஒரே பொறியின் வரைபடம் இத்தனை இடங்களிலும் ஒரே திருத்தத்தில் இருந்தாக வேண்டும்.

2006 ஆம் ஆண்டுத் தோல்வி

2006, ஜூலை 10 அன்று இன்சாட்-4சி செயற்கைக்கோளைச் சுமந்து புறப்பட்ட ஜி.எஸ்.எல்.வி.-எஃப்02 ஏவூர்தி தோல்வியடைந்தது. அதன் பக்கவாட்டில் இருந்த நான்கு திரவ உந்துநிலைகளுள் ஒன்றின் உந்துவிசை, புறப்பட்ட 0.2 விநாடியில் இல்லாமல் போயிற்று. மற்ற மூன்றைக் கொண்டு ஏறத்தாழ 50 விநாடி வரை ஏவூர்தியின் நிலை கட்டுக்குள் இருந்தது. பின்னர் அது பாதையிலிருந்து விலகி, வங்காள விரிகுடாவின் மேல் சிதைந்தது.

ஆய்வுக் குழு கண்டறிந்த காரணம் இக்கட்டுரையின் பொருளுக்கு மிக நெருக்கமானது. செயலிழந்த பொறியில் இருந்த உந்துபொருள் சீராக்கி, மூடிய நிலையில் வழியவிட வேண்டிய அளவைவிட மிக அதிகமாக உந்துபொருளை வழியவிட்டது. இதனால் வாயு உருவாக்கியில் அழுத்தம் வடிவமைப்பு வரம்பைக் கடந்து, அது உடைந்தது. சீராக்கியின் இக்குறைபாடு உற்பத்தியின்போது அறியாமல் நேர்ந்த பிழையாக இருக்கலாம் என்றும், அது அடுத்தடுத்த ஆய்வுகளிலும் ஏற்புச் சோதனைகளிலும் பிடிபடாமல் போயிற்று என்றும் குழு கூறியது. ஏவூர்தியின் வடிவமைப்பு உறுதியானதே என்றும், உற்பத்தி, ஆய்வு, ஏற்பு நடைமுறைகளில் கடும் கட்டுப்பாடு வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது.

அதாவது வரைபடம் சரியாக இருந்தது, உதிரி வரைபடத்தைப் போல் இல்லை. அது வரைபடத்தைப் போலவே இருப்பதாக ஒவ்வொரு கட்டத்திலும் ஆவணம் சொல்லிக்கொண்டு வந்தது. வரைபடக் கோப்புகளை எவ்வளவு ஒழுங்காக வைத்திருந்தாலும், பொருளைத் தொட்டு அளக்கும் கை தவறினால் ஒத்திசைவு தாளில் மட்டுமே இருக்கும். எஃப்02 க்கு அடுத்த ஜி.எஸ்.எல்.வி.-எஃப்04, 2007, செப்டம்பர் 2 அன்று இன்சாட்-4சிஆர் செயற்கைக்கோளுடன் ஏவப்பட்டது.

2013 ஆம் ஆண்டு நிறுத்தம்

இதற்கு எதிர்த்திசையிலான நிகழ்வு 2013 இல் நடந்தது. ஆகஸ்ட் 19 அன்று ஜி.எஸ்.எல்.வி.-டி5 ஏவப்படவிருந்த நிலையில், இரண்டாம் நிலையின் எரிபொருள் தொட்டியில் கசிவு கண்டறியப்பட்டு ஏவுதல் நிறுத்தப்பட்டது. தொட்டி அஃப்நோர் 7020 என்னும் அலுமினியக் கலவையால் ஆனது. அஃப்நோர் என்பது பிரான்சின் தரநிலை அமைப்பு. இக்கலவை நாளடைவில் தகைவு அரிமானத்தால் வெடிப்பு விடக்கூடியது. இங்கே தொட்டி வரைபடத்துக்கு மாறாகச் செய்யப்பட்டதாகக் குற்றம் சாட்ட இடமில்லை. வரைபடம் சொன்ன உலோகத்தையே மாற்ற வேண்டியிருந்தது. ஏ.ஏ.2219 என்னும் வேறு அலுமினியக் கலவையால் செய்த தொட்டியுடன் புதிய இரண்டாம் நிலை பொருத்தப்பட்டு, 2014, ஜனவரி 5 அன்று ஏவூர்தி வெற்றிகரமாகப் பறந்தது.

உலோகத்தின் பெயர் ஒரு வரியில் மாறுவதாகத் தோன்றினாலும், பற்றவைப்பு நெறிமுறை, ஆய்வு முறை, எடைக் கணக்கு, ஏற்கெனவே செய்து வைத்த பழைய தொட்டிகளின் நிலை ஆகிய அனைத்தும் அதனோடு சேர்ந்து மாற வேண்டியவை. விகாஸ் பொறியும் இதுபோல் திருத்தம் பெற்றே வந்துள்ளது. உந்துவிசை கூட்டப்பட்ட அதன் வடிவம் 2018, மார்ச் 29 அன்று பறந்த ஜி.எஸ்.எல்.வி.-எஃப்08 இன் இரண்டாம் நிலையில் முதன்முதலாகப் பயன்பட்டது.

ஏர்பஸ் ஏ380

இரு குழுக்களின் கோப்புகள் ஒன்றோடொன்று ஒவ்வாமல் போனதற்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது ஏர்பஸ் ஏ380 வானூர்தி. ஒரு வானூர்தியில் ஏறத்தாழ 530 கிலோமீட்டர் நீள மின்கம்பிகள் உள்ளன. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர வடிவமைப்பாளர்கள் கேட்டியா மென்பொருளின் நான்காம் பதிப்பையும், பிரான்சின் துலூஸ் நகரத்தவர் ஐந்தாம் பதிப்பையும் பயன்படுத்தினர். ஒரு பக்கம் செய்த மாற்றம் மறுபக்கத்துக் கோப்பில் முழுமையாக ஏறவில்லை. ஹாம்பர்க்கில் செய்து துலூஸுக்கு வந்த கம்பிக் கட்டுகளைப் பொருத்த முயன்றபோது சில இடங்களில் நீளம் போதவில்லை. தொழிலாளர்கள் கையால் பிரித்து மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று. 2006 இல் தாமதம் அடுத்தடுத்து அறிவிக்கப்பட்டது. 2010 வரையிலான இலாபத்தில் ஏறத்தாழ 480 கோடி யூரோ குறையும் என அவ்வாண்டு அக்டோபரில் மதிப்பிடப்பட்டது. முதல் வானூர்தி 2007, அக்டோபர் 15 அன்றே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

கூடங்குளம்

ராதாபுரம் வட்டத்தில் உள்ள கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கான ஒப்பந்தம் 1988 இல் இந்தியாவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் இடையே கையெழுத்தானது. கட்டுமானம் 2002 இல் தொடங்கியது. முதல் உலை 2013, ஜூலை 13 அன்று தொடர்வினை நிலையை அடைந்தது. ஒப்பந்தத்துக்கும் இயக்கத்துக்கும் இடையில் கால் நூற்றாண்டு கழிந்தது, ஒப்பந்தம் செய்த நாடே இல்லாமல் போயிற்று. உருசிய வடிவமைப்பை இந்திய அணுமின் கழகம் தன் ஒப்பந்ததாரர்களைக் கொண்டு கட்டியது.

அணுமின் நிலையங்களுக்கென இந்நடைமுறையைப் பன்னாட்டு அணுசக்தி முகமை 2010 இல் ஒரு தனி அறிக்கையில் விளக்கியுள்ளது. வடிவமைப்புத் தேவை, ஆவணம், நிலையத்தின் மெய்யான அமைப்பு ஆகிய மூன்றும் எப்போதும் ஒத்திருக்க வேண்டும் என்பதே அதன் மையக் கருத்து. பல பத்தாண்டுகள் இயங்கும் நிலையத்தில் முதலில் கட்டியவர் எவரும் பணியில் இருக்கமாட்டார். ஓர் அடைப்பிதழைப் பழுதுபார்க்கும் இளம் பொறியாளர், அதன் பின்னால் எந்தக் குழாய் செல்கிறது என்பதை வரைபடத்தைப் பார்த்தே அறிய வேண்டும். அவ்வரைபடம் பொய் சொன்னால் கதிரியக்கப் பகுதிக்குள் நின்றுகொண்டு உண்மையைத் தேட வேண்டிவரும்.

மென்பொருளும் திரை வடிவமைப்பும்

இணையத்தளங்களிலும் செயலிகளிலும் திரைகளை வரைபவர் ஒருவர், நிரல் எழுதுபவர் வேறொருவர். 2010 வாக்கில் வரைபவர் தம் கோப்பை மின்னஞ்சலில் அனுப்புவதே வழக்கமாக இருந்தது. "இறுதி", "இறுதி-2", "உண்மையான இறுதி" என்று பெயரிட்ட கோப்புகளை அறியாத வடிவமைப்பாளர் அரிது. 2016 இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த ஃபிக்மா போன்ற கருவிகள், பலரும் ஒரே கோப்பை உலாவியில் ஒரே நேரத்தில் திறந்து பணியாற்ற வழிசெய்தன. எனினும் இது வரைபவர்களுக்கு இடையிலான ஒத்திசைவை மட்டுமே தீர்த்தது. பயனரின் கையில் உள்ள செயலி இன்னொரு பொருள், அது தனக்கென ஒரு வேகத்தில் மாறிக்கொண்டிருக்கும்.

இவ்விடைவெளியைக் குறைக்க நிறம், எழுத்தளவு, இடைவெளி ஆகியவற்றுக்குப் பெயரிட்டு ஓரிடத்தில் மட்டும் சேமித்து, வரைபடக் கோப்பும் நிரலும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும் முறை 2010களில் பரவியது. அமெரிக்காவின் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்தில் இம்முறைக்குப் பெயர் கிடைத்தது. அத்துடன் இயங்கும் செயலியின் திரைப்படிமத்தை முந்தையதோடு ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் எச்சரிக்கும் தானியங்கிச் சோதனைகளும் உள்ளன. இது ஏவூர்தித் துறையின் பொருள் தணிக்கைக்கு இணையானது எனலாம்.

தமிழ் இடைமுகங்களில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. திரைகள் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களை இட்டு வரையப்படுகின்றன. ஆங்கிலத்தில் நான்கெழுத்தில் முடியும் பொத்தான் பெயர், தமிழில் "சேமிக்கவும்" என நீளும்போது பொத்தானுக்கு வெளியே வழியும் அல்லது பாதியில் வெட்டுப்படும். "கூ", "ழூ" போன்ற எழுத்துகளின் கீழ்ப்பகுதி, ஆங்கிலத்துக்கு அளந்த வரி உயரத்தில் மறைந்துவிடுவதும் உண்டு. வரைபடக் கோப்பில் எல்லாம் ஒழுங்காகத் தோன்றும். பிழையைக் காண்பவர் தமிழ்ப் பயனர் மட்டுமே. கோப்பிலேயே தமிழ்ச் சொற்களை இட்டு வரைவது இதற்கு எளிய தீர்வாகும்.

தாமிரபரணியின் துணையாறான சிற்றாற்றின் வடிநிலத்தில், தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் சோகோ நிறுவனம் 2011 முதல் அலுவலகம் நடத்தி வருகிறது. சென்னைக்கும் சிற்றூர்களுக்குமாகக் குழுக்கள் பிரிந்து பணிபுரியும் இத்தகைய அமைப்புகளில், பக்கத்து மேசையில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு குறைவதால் கோப்பின் மீதான சார்பு கூடுகிறது.

நில அளவை ஆவணங்கள்

கணினிக்கும் ஏவூர்திக்கும் முற்பட்ட, தமிழ்நாட்டு மக்கள் அனைவரும் அறிந்த எடுத்துக்காட்டு நில அளவைப் புலப்படம் ஆகும். எஃப்.எம்.பி. என்று மக்கள் வழங்கும் இப்படத்தில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் எல்லை, அளவு, அளவைக் கற்களின் இடம் ஆகியவை குறிக்கப்படும். இங்கே வரைபடம் அரசிடமும், பொருள் வயலிலும் உள்ளன.

தாமிரபரணிப் பாசனப் பகுதியில் அண்ணன் தம்பி இருவர் 45/2 என்னும் நஞ்சைப் புலத்தைப் பாகம் பிரித்து இடையில் வரப்பு எடுத்துவிட்டனர் எனக் கொள்வோம். பத்திரம் பதிவுத் துறையில் பதிவாகும். பட்டா மாற்றம் வருவாய்த் துறையைச் சார்ந்தது. புலத்தை அளந்து 45/2ஏ, 45/2பி என உட்பிரிவு செய்து படத்தைத் திருத்துவது நில அளவையர் பணி. உட்பிரிவு நடைபெறாமல் கூட்டுப் பட்டாவாகவே நின்றால், வயலில் இரண்டாக இருப்பது படத்தில் ஒன்றாகவே இருக்கும். ஒரு தலைமுறை கழித்து விற்பனையின்போதோ, வங்கிக் கடனின்போதோ, சாலைக்காக நிலம் எடுக்கும்போதோ இவ்விலகல் வெளிப்படும். அப்போது வரப்பு உண்மையா, படம் உண்மையா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டியிருக்கும்.

இவ்வாறு தேங்கிய விலகல்களைச் சரிசெய்யவே தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடைபெற்றது. அத்திட்டத்தில் பெயர் தவறாக ஏறியதாகக் கூறும் மனுக்கள் இன்றும் அலுவலகங்களுக்கு வருகின்றன. ஏக்கர், சென்ட் என்னும் அலகுகள் ஆவணத்தில் எக்டேர், ஏர் என மாறின. ஊரில் பேச்சு வழக்கு மாறவில்லை. புலப்படங்கள் பின்னர்க் கணினியேற்றப்பட்டு, இப்போது இணையவழி கிடைக்கின்றன. படத்தைப் பெறுவது எளிதாயிற்று என்றாலும், வரப்பை அளந்து படத்தோடு ஒப்பிட நில அளவையர் இன்றும் வயலுக்கே வர வேண்டியுள்ளது.